மிச்சமான பொழுது யாருடையது?

பொழுதைப் போக்க வேண்டுமானால் முதலில் கையில் பொழுது இருக்க வேண்டும். 'பொழுதுபோக்கு' என்ற சொல்லுக்குள் இந்த நிபந்தனை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சீட்டு, அண்ணனுக்குக் கிரிக்கெட், தாத்தாவுக்கு டீக்கடையும் பேப்பரும். அம்மாவுக்கு? தையல், வயர் கூடை, கோலம், சீரியல் என்று ஒரு பட்டியல் சொல்வோம். அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தையலால் வீட்டுக்குத் துணி ஆகிறது. கூடையில் காய்கறி வருகிறது. கோலத்தால் வாசல் நிறைகிறது. சீரியல் பார்க்கும்போதுகூடக் கை சும்மா இருப்பதில்லை. எங்கள் பாடாலூர்ப் பக்கமானால் மடியில் முறமும், முறத்தில் சின்ன வெங்காயமும் இருக்கும். அடுப்பில் பால் பொங்கினால் பாதியில் போட்டுவிட்டு எழுந்து ஓடக்கூடியதுதான் பெண்ணுக்கு வாய்த்த பொழுதுபோக்கு.

இது இன்று நேற்று வந்ததில்லை. சங்கப் பாடல்களில் தலைவி பந்து ஆடுவாள், கழங்கு ஆடுவாள், ஊசல் ஆடுவாள், தோழியரோடு மணலில் சிற்றில் கட்டுவாள். எல்லாம் மணத்துக்கு முன்னே. அவள் உடன்போக்கில் போனபின் அந்தப் பந்தையும் பாவையையும் பார்த்துப் பார்த்துத் தாய் அழுவாள். மணமான பிறகு நாம் காண்பது, தயிர் பிசைந்த கையோடும் தாளிப்புப் புகை பட்ட கண்ணோடும் நிற்கும் குறுந்தொகைப் பெண்ணை. இனிய இல்லறத்துக்குச் சான்று என்று பாடநூல்கள் அந்தப் பாட்டைக் காட்டும். பந்து எங்கே போயிற்று என்று கேட்கமாட்டா.

மணமான பெண்ணுக்குப் பாட்டு இருந்தது. ஆனால் உலக்கையோடு சேர்ந்து இருந்தது. கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் வரும் வள்ளைப்பாட்டு, உரலில் இடித்துக்கொண்டே பாடும் பாட்டு. வேலையும் விளையாட்டும் ஒரே மூச்சில் நடந்த அழகு என்று அதைப் புகழ்வோம். வேலையை விட்டு வெளியே வந்து பாட அவளுக்கு நேரமில்லை என்றும் அதைப் படிக்கலாம். நான் இரண்டாவது வகையாகப் படிக்கிறவள்.

இந்தக் கட்டுரை வீட்டுக்குள் வந்த இயந்திரங்களைப் பற்றியது. அவை மிச்சப்படுத்திய நேரம் யார் கணக்கில் வரவானது என்பதைப் பற்றியது.

உலக்கையிலிருந்து மில்லுக்கு

திருச்சியிலிருந்து சென்னை போகும் பெருஞ்சாலையில் பெரம்பலூருக்கு முன்னால் வரும் ஊர் பாடாலூர். வானம் பார்த்த பூமி. இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் இந்த வட்டாரத்தில் என் பாட்டி காலத்தில் கம்பும் சோளமும் வரகும்தான் சோறு. வரகைத் திருகையில் உடைக்க வேண்டும். கம்பை ஊறவைத்து உரலில் குத்தி, புடைத்து, மறுபடி இடிக்க வேண்டும். ஒரு வேளைக் கூழுக்குப் பின்னால் இரண்டு பெண்களின் தோள் இருந்தது. கல்குவாரிகள் சூழ்ந்த ஊர் என்பதால் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் குறைவில்லை. தேய்ந்துபோன அம்மியை உளியால் கொத்தித் தருகிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். கல் தேய்ந்தால் கொத்த ஆள் வந்தது. கை தேய்ந்ததற்கு யாரும் வரவில்லை.

இந்த உழைப்பில் முதலில் கை வைத்த இயந்திரம் அரிசி ஆலை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது தமிழகத்துச் சிற்றூர்கள்வரை பரவியது. வீட்டுக்குள் நெல் குத்திய பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. கூலிக்கு நெல் குத்திய பெண்ணுக்கு அது வேலை இழப்பு. வசதியுள்ள வீட்டுக் களத்தில் குத்திக் கொடுத்துவிட்டு, படி அரிசியும் குருணையும் தவிடும் கூலியாக வாங்கிப்போன உழைக்கும் சாதிப் பெண்களின் அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிந்தது. கைக்குத்தலைக் காப்பாற்ற வேண்டும் என்று காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் பேசியது. 1958இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த ஒன்றிய அரசு சட்டமே கொண்டுவந்தது. ஆனாலும் ஆலைகள் பெருகின.

இதில் கவனிக்க இரண்டு செய்திகள் உண்டு. ஒரே இயந்திரம் ஒரு பெண்ணுக்கு நேரத்தைக் கொடுத்து இன்னொரு பெண்ணின் கூலியைப் பறிக்கும். 'பெண்களுக்கு நன்மை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது. எந்தப் பெண்ணுக்கு என்று கேட்க வேண்டும். இரண்டாவது, உலக்கை பெண்ணின் கையில் இருந்தது. மில்லின் சுவிட்ச் ஆணின் கைக்குப் போயிற்று. சம்பளத்தோடு வரும் இயந்திரத்தை ஆண் இயக்குவான். சம்பளமில்லாத இயந்திரம், பின்னால் வந்த மிக்ஸியைப் போல, பெண்ணிடமே தங்கும்.

சுல்தானாவின் சமையலறை

வீட்டு வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று நம் நாட்டில் வெகு முன்பே யோசித்தவர் ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற வங்காளத்துப் பெண். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளிவந்தது. வெளிவந்த இடம் நம் சென்னை. கமலா சத்தியநாதன் 1901 முதல் நடத்திவந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழ் அதை அச்சிட்டது. கணவர் வேலை நிமித்தமாக வெளியூர் போயிருந்தபோது, தனியாக இருந்த ரொக்கையா பொழுதைப் போக்கத்தான் அதை எழுதினாராம். ஒரு பெண்ணின் பொழுதுபோக்கு எதுவரை போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தக் கதையில் பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சமையலறையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் அழகான பூத்தையலும் செய்கிறாள். இதற்கெல்லாம் நேரம் எப்படி என்று கேட்டால், அலுவலக வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்கிறாள். ஆண்கள்தான் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் இழுப்பார்கள் என்று கிண்டலும் செய்கிறாள்.

பலர் சிரித்துக்கொண்டே தாண்டிப்போகும் ஓர் இடம் அதில் இருக்கிறது. சுல்தானா அந்தச் சமையலறையைப் பார்க்கப் போகும்போது, அங்கே இருந்த ஆண்களை விலகிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது அடுப்பும் மாறியிருக்கிறது, அடுப்படியில் நிற்கும் ஆளும் மாறியிருக்கிறார். சூரிய அடுப்பு மட்டும் வந்து, அதன் முன்னால் அதே பெண் நின்றிருந்தால் பூத்தையலும் இருந்திருக்காது, ஆய்வுக்கூடமும் இருந்திருக்காது. இருபதாம் நூற்றாண்டின் சமையலறை வரலாறு முழுவதும் ரொக்கையா சொன்னதில் முதல் பாதியை மட்டும் நிறைவேற்றிய வரலாறு.

கல் சுற்றியது, வேலையும் சுற்றியது

கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி என்பவர் ஈரமாவு ஆட்டும் கிரைண்டரை உருவாக்கியதாகச் சொல்வார்கள். ஊத்துக்குளிக் கல்லோடு கோவைக் கிரைண்டர் ஒரு தொழிலாகவே வளர்ந்து, பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. மிக்ஸியின் கதை 1963இல் தொடங்குகிறது. மும்பையில் மாதுரி மாத்தூர் என்ற பெண்ணின் வெளிநாட்டு பிரவுன் மிக்ஸி பழுதாகிப்போனது. மஞ்சளும் தேங்காயும் ஊறிய உளுந்தும் அரைக்க வேண்டிய நம் சமையலறையை நினைத்துச் செய்த இயந்திரமில்லை அது. பொறியாளரான அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் நம் அரைப்புக்குத் தாங்குகிற மோட்டாரைச் செய்தார். அதுதான் சுமீத். நம் வீடுகளில் சில காலம் எந்த மிக்ஸியையும் 'சுமீத்' என்றே சொன்னார்கள். 1978இல் சென்னையில் ப்ரீத்தி வந்தது. செய்தவர்களின் பெயர் தெரிகிறது. உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர், எந்தப் பதத்தில் வழிக்க வேண்டும் என்ற அறிவை அதுவரை கையில் வைத்திருந்த பெண்களின் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை.

ஆட்டுக்கல்லில் ஒரு குடும்பத்துக்கு இட்லி மாவு ஆட்ட ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு கை குழவியைச் சுற்றும்; மறு கை மாவைத் தள்ளிவிடும். கிரைண்டர் வந்ததும் அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. எங்கள் பக்கத்துச் சாதாரண வீடுகளில் இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் உரியது. மற்ற நாளில் பழையதும் கூழும். கிரைண்டர் வந்தபின் இட்லியும் தோசையும் அன்றாடமாயின. அதற்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி. மிக்ஸிதான் இருக்கிறதே, இரண்டு சட்னி. கூழுக்கு ஒரு வெங்காயம் கடித்த வீட்டில் காலை ஏழரை மணிக்குள் சூடான தோசை நான்கு பேருக்கு நான்கு பக்குவத்தில் விழ வேண்டியதாயிற்று.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்க வீடுகளுக்குள் அடுப்பும் துவைக்கும் இயந்திரமும் தூசி உறிஞ்சியும் வந்தபின் இல்லத்தரசியின் வேலை ஏன் குறையவில்லை என்பதுதான் அதன் கேள்வி. உடல் நோவு குறைந்தது. ஆனால் 'சுத்தம்', 'ருசி' என்பவற்றின் அளவுகோல் உயர்ந்துகொண்டே போனது. முன்பு விறகு பிளந்த கணவனும் எடுபிடி செய்த பிள்ளைகளும் விடுபட்டார்கள். மீதி வேலை முழுவதும் அம்மாவிடம் சேர்ந்தது. அவர் எழுதியது அமெரிக்காவைப் பற்றி. படித்தபோது எனக்குத் தெரிந்தது எங்கள் தெரு.

அளவுகோலை யார் உயர்த்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் வந்த மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டில் மிக்ஸிக்குக் குறைவில்லை. மாமனாருக்குச் சட்னி அம்மியில் அரைத்ததாக இருக்க வேண்டும், சோறு விறகடுப்பில் வெந்ததாக இருக்க வேண்டும், துணி கையால் துவைத்ததாக இருக்க வேண்டும். எல்லாம் மென்மையான குரலில் சொல்லப்படுகிறது. நம் ஊரிலும் 'அம்மியில் அரைச்ச ருசி வருமா' என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்க்கிறோம். பெரும்பாலும் அவர்கள் அம்மியின் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். இந்தப் பக்கம் குனிந்து அரைத்தவர்கள் அல்லர். திருமணத்தில் மணமகளின் காலை எடுத்து அம்மிமேல் வைக்கிறோம். கல்லைப் போல உறுதியாக இரு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். கல்லை விட்டு நகராதே என்றும் அது சொல்லிக்கொண்டிருந்தது.

நான்கு செப்டம்பர்கள்

தமிழ்நாட்டில் வீட்டு இயந்திர வரலாற்றை அரசை விட்டுவிட்டு எழுத முடியாது. அண்ணா பிறந்த செப்டம்பர் 15 இதில் திரும்பத் திரும்ப வரும் நாள். 2006இல் அன்றுதான் கருணாநிதி அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2011இல் அதே நாளில் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அரிசி வாங்கும் குடும்ப அட்டைகளை வைத்து 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு என்பது திட்டம். 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'விலையில்லா' என்ற சொல் வந்தது. 2022இல் மீண்டும் அதே நாளில் மதுரையில் பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம். 2023இல் காஞ்சிபுரத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, முதற்கட்டமாக 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு.

இலவசங்களை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தேர்தல் அறிக்கையில் பொருள்களைத் தருவதாகச் சொல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நேர்மையான தேர்தலை இத்தகைய வாக்குறுதிகள் பாதிக்கும் என்றும் நீதிமன்றம் சொன்னது. வெளியே நடந்த பேச்சு இன்னும் சூடானது. இலவசம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது என்றார்கள். மிக்ஸியும் கிரைண்டரும் யாரைச் சோம்பேறியாக்க முடியும்? அதுவரை அரைத்துக்கொண்டிருந்தவரைத்தானே? நாளுக்கு ஒரு மணி நேரம் குனிந்து கல்லைச் சுற்றியவள் நிமிர்ந்து உட்கார்ந்தால் அது சோம்பல். எழுந்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து காபிக்குக் குரல் கொடுப்பவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. இந்த விவாதத்தில் பொருளாதார நிபுணர்கள் நிறையப் பேசினார்கள். குழவி பிடித்த கை ஒன்றுகூட விவாத மேடையில் இருந்ததாகத் தெரியவில்லை.

இயந்திரம் தனியாக எதையும் செய்துவிடாது என்பதையும் அந்த ஆண்டுகள் காட்டின. விலையில்லா கிரைண்டர்கள் வந்திறங்கிய 2012இல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு. மின்சாரம் எப்போது வருமோ அப்போது எழுந்து மாவாட்ட வேண்டும். கல்லில் ஆட்டியபோது நேரம் பெண்ணின் வசதிப்படி இருந்தது. இப்போது மின்வாரியத்தின் வசதிப்படி ஆயிற்று. நடு இரவில் மூன்று வீட்டுக் கிரைண்டர்கள் ஒன்றாக ஓடும் சத்தம் கேட்டால் மின்சாரம் வந்துவிட்டது என்று எங்கள் தெருவில் தெரிந்துகொள்வோம். ஆனாலும் அதே கிரைண்டரில் மாவாட்டி, கவரில் கட்டி விற்று, தன் கைக்கு என்று பத்து ரூபாய் பார்த்த பெண்களும் எல்லா ஊரிலும் உண்டு. யாரும் சொல்லித் தராமலே மிச்ச நேரத்தைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

நான்கு செப்டம்பர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு நகர்வு தெரிகிறது. முதலில் பார்க்க ஒரு பெட்டி வந்தது. பிறகு வேலையைச் சுளுவாக்கும் பொருள் வந்தது. பிறகு வேலையில் ஒரு துண்டே வீட்டை விட்டு வெளியேறியது: பிள்ளையின் காலை உணவு பள்ளியில் சமைக்கப்படுகிறது, சுய உதவிக் குழுப் பெண்கள் சம்பளத்துக்குச் சமைக்கிறார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவு நடந்த தடம் அது. கடைசியாகப் பெண்ணின் பெயருக்கே பணம் வந்தது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தார்கள். கிரைண்டரைவிடக் காலை உணவுத் திட்டம் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். கிரைண்டர் அவள் வேலையை எளிதாக்கியது. காலை உணவு, அது அவள் மட்டும் செய்ய வேண்டிய வேலையில்லை என்று சொல்கிறது.

எண்ணிப் பார்த்தபோது

வீட்டு வேலையை எண்ணலாம் என்ற எண்ணமே நமக்கு மெல்லத்தான் வந்தது. 1998-99இல் ஆறு மாநிலங்களில் சோதனையாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது; அதில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. அந்த ஆண்டில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். 'ஈடுபட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெண்களில் 100க்கு 81 பேர் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26 பேர். 2024இல் மறுபடி எண்ணினார்கள். பெண் 289 நிமிடம், ஆண் 88. ஐந்து ஆண்டில் அவளுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. அவனுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! இயந்திரத்தின் பலனை இருவரும் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். வேலையைத்தான் பங்கிடவில்லை.

நீதிமன்றங்கள் இதைப் பேசத் தொடங்கியிருக்கின்றன. இல்லத்தரசிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகள் ஆகியோரோடு ஒரே வகையில் வைத்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நம் பகுதிக்கு நெருக்கமானது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு. கணவர் சவூதியில் சம்பாதித்தார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். கணவர் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் இருக்கிறது, அவருக்குச் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. அங்கிருந்து வந்த டேப் ரிக்கார்டரைக் கூடத்தில் வைத்து அழகு பார்த்த வீடுகளில், அந்தப் பணத்தில் பாதி இவள் உழைப்பு என்று ஒரு நாளும் பேச்சு எழுந்ததில்லை. இனி எழலாம்.

வெளியே கொண்டுபோகும் இயந்திரங்கள்

வீட்டுக்குள்ளேயே சுற்றும் இயந்திரங்களோடு, பெண்ணை வாசல் தாண்டி அழைத்துப்போகும் இயந்திரங்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தோள் கொடுத்தார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசிய ஆண்கள் உண்டு. மிதித்துக்கொண்டே போய்விட்டார்கள் பெண்கள். சைக்கிள் மிச்சப்படுத்திய நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வது கடினம். அவள்தான் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கும் இந்தக் குணம் உண்டு. யாரிடமும் பத்து ரூபாய் கேட்காமல் பெரம்பலூர் போய்வர முடியும் என்றால், எதற்குப் போகிறாய் என்ற கேள்வியில் பாதி அடிபட்டுப்போகிறது.

கைப்பேசி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தான் பயன்படுத்துவதற்கென்று ஒரு கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் 100க்கு 54 பேர். இணையத்தை ஒருமுறையேனும் தொட்ட பெண்கள் 33 பேர், ஆண்கள் 57 பேர். கையில் வந்த பெண்களுக்கு அது வாசிப்பாகவும் பாட்டாகவும் தோழியின் குரலாகவும் இருக்கிறது. அதே கைப்பேசியில் பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குழு, வீட்டுப்பாடம், ரேஷன் குறுஞ்செய்தி, கேஸ் பதிவு என்று புதிய வீட்டு வேலைகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவன் கைப்பேசிக்குப் பூட்டு உண்டு. அவள் கைப்பேசியின் பூட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மிக்குத் திரும்பச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. எந்த இயந்திரமும் உழைப்பைக் குறைக்கும். மிச்சமான நேரத்துக்கு உரிமைப் பட்டா எழுதித் தராது. பட்டாவை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்கு முதல் வேலையாக உங்கள் வீட்டு வரலாற்றை எழுதிப் பாருங்கள். கிரைண்டர் எந்த ஆண்டு வந்தது, எந்தக் காசில் வந்தது, ரசீது யார் பெயரில் இருக்கிறது? தையல் இயந்திரத்தில் தைத்த காசு யார் கைக்குப் போனது? ஆட்டுக்கல் இப்போது எங்கே கிடக்கிறது? எல்லாவற்றையும் கேட்டு எழுதிய பிறகு அம்மாவிடமோ பாட்டியிடமோ கடைசியாக ஒன்று கேளுங்கள்: அந்த ஒரு மணி நேரம் மிச்சமானதே, அதில் நீ என்ன செய்தாய்? பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். காத்திருங்கள். அதுவரை அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனோ தம்பியோ பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.